முப்பதாவது ஆள்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனிதருடைய நேர்மையால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

சண்டை முடிந்த மறுவருஷம். ஜெர்மனிக்காரனோடு நடந்த சண்டையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சண்டை முடியவே இல்லை. சாந்தோமில் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் குடியிருந்தோம். அவர் ரோடு, நடைபாதை, சாக்கடை எல்லாம் பார்க்கிற ஆபீஸில் ஓவர்சியர். நான் தி. நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் கிளாஸ் டீச்சர். தினம் காலையில் கச்சேரி ரோடு முனையில் நின்று பஸ் பிடிக்க வேண்டும்.

அந்த ஸ்டாப்பை இப்போது நினைத்தாலும் தலை வலிக்கிறது. ஒரு இரும்புக் கம்பம், அதன் தலையில் ஒரு தகரம், அவ்வளவுதான். கடல் காற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மரமும் தழைக்காது. காலை வெயில் கடல் பக்கமிருந்து நேரே முகத்தில் அடிக்கும். எட்டு மணி பஸ் எட்டேமுக்காலுக்கு வரும். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய வண்டிகள் சிலது அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. பாலம் ஏறும்போது மூச்சு வாங்கி நின்றுவிடும். கண்டக்டர் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறுவார். நாங்கள் இங்கே வெந்துகொண்டிருப்போம்.

எனக்கு முதலில் உண்டானது ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இரண்டாவது உண்டானபோது ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "வேலைக்குப் போ, வேணாம்னு சொல்லலை. கிளாஸில் உட்கார்ந்து பாடம் நடத்து. பஸ்ஸிலும் உட்கார்ந்து போ. வெயிலில் நிற்க மட்டும் கூடாது. நின்றுதான் ஆகணும்னா வேலையை விட்டுடு."

வேலையை விடுவதா! பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எடுத்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் திரும்ப வருவது நடக்கிற காரியமா? எனக்கு அந்த நாலாம் கிளாஸ் உயிர். நாற்பது பெண்கள், ஒவ்வொன்றும் ஒரு தினுசு வாயாடி. ஆகவே எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு: தலைக்கு மேலே ஒரு கூரை, அடியில் ஒரு பெஞ்சு. அந்த ஒரு ஸ்டாப்பில், தினம் முக்கால் மணி நேரத்துக்கு. தினமும் தி. நகருக்கு ரிக்ஷா வைத்துக்கொள்ளும் வசதி எங்களுக்கு இல்லை.

முதலில் வீட்டிலிருந்த குட்டி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். நான் குள்ளம், ஊரிலுள்ள எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தொங்கும். அந்த ஸ்டூலில்தான் பாதம் தரையில் படியும். குடையைப் பிடித்துக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்தேன். ஸ்கூல் விட்டு வரும்வரைக்கும் அதை எதிரே விறகு விற்கிற தொட்டியில் போட்டுவிட்டுப் போவேன். நாலு நாள்தான் ஓடியது. ஐந்தாம் நாள் எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளில் அந்த வழியாக வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால் ஸ்டூல் வீட்டுக்குள் இருக்கிறது.

"நடைபாதையில சொந்த சாமான் போடக் கூடாதும்மா" என்றார். "நானே நாலு கடைக்காரங்க பலகையை எடுக்கச் சொல்லியிருக்கேன். என் வீட்டு ஸ்டூல் அங்கே இருந்தா எந்த முகத்தோட சொல்றது?"

"உங்க முகத்தைக் காப்பாத்த நான் நிக்கணுமா?"

அவருக்குக் கோபமே வராது. எதிரில் இருக்கிறவர்களுக்கு வர வேண்டியதை எல்லாம் வரவழைத்துவிட்டு, தான் மட்டும் சாதுவாகக் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பார்.

இந்த நிலைமையில்தான் அவர் ஆபீஸில் பஸ் ஷெட் கட்டப் போகிறோம் என்று உத்தரவு வந்தது. எங்கள் பக்கத்தில் எந்த ஸ்டாப்பில் கட்டலாம் என்று பார்த்து எழுதுகிற பொறுப்பு இவரிடம் வந்தது. எனக்குக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. மாதாவே, நீ கண் திறந்துவிட்டாய் என்று கோயிலில் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவசரப்பட்டுவிட்டேன். ரூல் புஸ்தகத்தைப் பார்த்த பிறகு ஏற்றியிருக்கலாம்.

அந்த ரூல்களை எவன் எழுதினானோ, அவன் ஒருநாளும் பஸ்ஸுக்கு நின்றிருக்க மாட்டான். தெரு முனையிலிருந்து இத்தனை அடி தள்ளித்தான் ஷெட் இருக்க வேண்டும். சாக்கடை மூடி மேல் தூண் நிற்கக் கூடாது. கோயில், மசூதி வாசலை மறைக்கக் கூடாது. பின்னால் இருக்கிற வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். கம்பம் நடுவது போலீஸ் பொறுப்பு, கூரை போடுவது இவர்கள் பொறுப்பு. கம்பத்தை ஓரடி நகர்த்தவும் அவர்களுக்கு எழுத வேண்டும். சிமெண்டுக்கு பர்மிட். இதெல்லாம் போகட்டும். எங்கள் ஸ்டாப் தெய்வாதீனமாக இதில் எல்லாம் தேறிவிட்டது. பின்வீட்டுக்காரரிடம் நானே போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன்.

மிஞ்சியது ஆள் எண்ணுகிற ரூல். காலை பஸ்ஸுக்கு முப்பது பேராவது நிற்கிற ஸ்டாப்புக்குத்தான் ஷெட். மூன்று நாள் எண்ண வேண்டும். மூன்றில் எந்த நாள் குறைச்சலோ அதுதான் கணக்கு. மழை நாளில் எண்ணக் கூடாது. கம்பத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்குள் நிற்கிறவர்களை மட்டும் எண்ண வேண்டும்.

"கோட்டுக்குள்ளே யாருங்க நிப்பாங்க? வெயில்! எல்லாரும் எதிரே விறகுத்தொட்டிச் சுவர் நிழல்ல நிக்கறாங்க, பஸ் வந்ததும் ஓடி வராங்க. நிழல் இல்லாமத்தானே ஷெட் கேக்கறோம்?"

"எதிர்ப்பக்கம் நிக்கறவங்க பஸ்ஸுக்குத்தான் நிக்கறாங்கன்னு எப்படித் தெரியும்? விறகு வாங்க வந்தவங்களா இருக்கலாமே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு எவன் விறகு வாங்க வருவான்?

சரி, நாமே இறங்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். எண்ணப் போகும் வாரத்துக்கு முந்தின வாரம் விறகுத்தொட்டி நிழலில் நின்றவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். மூன்றே மூன்று நாள் கம்பத்தடியில், சாக்பீஸ் கோட்டுக்குள் வந்து நில்லுங்கள். அப்புறம் காலத்துக்கும் நிழல். பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். "இதெல்லாம் ஒரு வெயிலா டீச்சர்? எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்று முதல் ஆளாகத் தலையாட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள், சம்மதித்தார்கள். மீன்காரம்மா ஒருத்திதான் மடக்கினாள். குப்பத்திலிருந்து தினம் கூடையோடு வருவாள். கூடையை ஏற்றக் கூடாது என்று கண்டக்டர் சொல்வார். ஏற்றாமல் விடமாட்டேன் என்று இவள் சொல்வாள். தினம் அவள்தான் ஜெயிப்பாள்.

"இன்னா டீச்சரம்மா, வெயில்ல நிக்கச் சொல்ற? நான் பொறந்ததுலேர்ந்து அங்கதான் நின்னுக்கினு கீறேன். கணக்கு எடுக்கறவரு உன் ஊட்டுக்காரராமே? ஊட்லயே சொல்லி முடிச்சிக்கக் கூடாது?"

"அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லேம்மா."

"அய்ய, பாவம் நீ" என்றாள். ஆனால் வந்தாள்.

திங்கள்கிழமை எண்ணினார்கள், செவ்வாய்க்கிழமை எண்ணினார்கள். கூட்டம் நன்றாகவே இருந்தது. புதன்கிழமை இரண்டு மூன்று பேர் வரவில்லை. டீச்சருக்கு எண்ணவா தெரியாது? தினம் நாற்பது தலையை எண்ணி ஆஜர் போடுகிறவள். குடைக்கு அடியிலிருந்து கண்ணாலேயே எண்ணினேன். இருபத்தேழு. பஸ் தூரத்தில் புகை விட்டுக்கொண்டு வருவது தெரிந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஓட்டமாக வந்தார், இருபத்தெட்டு. மீன்காரம்மா கூடையோடு வந்து கோட்டுக்குள் காலை வைத்தாள். இருபத்தொன்பது. என்னோடு முப்பது! அப்பாடா என்று மூச்சு விட்டேன். எதிரே எங்கள் வீட்டுக்காரர் நோட்டும் பென்சிலுமாக நின்றார். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு மேஸ்திரி. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் முன்பின் தெரியாதவரைப் போல நோட்டைப் பார்த்துக்கொண்டார். டியூட்டியாம்.

சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "முப்பதுதானே?"

"இருபத்தொன்பது."

"இல்லீங்க. நானே எண்ணினேன். சரியா முப்பது."

அவர் சட்டையை ஆணியில் மாட்டினார். மடிப்பைச் சரிபண்ணினார். "உன்னைச் சேர்க்கலை" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை.

"நீ என் சம்சாரம். உன்னைச் சேர்த்து முப்பதுன்னு எழுதினா, வீட்டு வாசல்ல ஷெட் கட்டிக்கறதுக்கு பெண்டாட்டியை நிக்க வெச்சு எண்ணினான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான். நான் பதில் சொல்ல முடியாது."

"நான் பஸ்ஸுக்கு நிக்கலையா? வேடிக்கை பார்க்கவா நின்னேன்? மூணு வருஷமா நிக்கறேனே, அந்த ஸ்டாப்பில் எனக்கு முன்னாடி நின்ன ஆள் உண்டா?"

"நின்னே. யார் இல்லைன்னா? ஆனா எண்ணினது நான் இல்லையா."

"வயித்துல இருக்கறது உங்க பிள்ளைதானே? அதையும் சேர்த்தா முப்பத்தொண்ணு!" என்று கத்தினேன். பக்கத்துப் போர்ஷனில் பேச்சு நின்றது. நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். ஊரில் இருக்கிற மீன்காரி, ஜவுளிக்கடைக்காரர், முன்பின் தெரியாத பையன்கள் எல்லாரும் அவர் கண்ணுக்கு ஆள். தாலி கட்டிக்கொண்டவள் மட்டும் ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவரிடம் பேசவில்லை. சனிக்கிழமை தவறாமல் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவர் ஆயிற்றே என்று, போகும்போது மட்டும் வாசலில் நிறுத்திச் சொன்னேன். "சாமியாரிடமே கேளுங்க. பெண்டாட்டியை எண்ணினா பாவமா, எண்ணாம விட்டா பாவமான்னு."

போய்விட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார். எண்ணியிருக்கலாமேன்னார்."

"ஆங்! பார்த்தீங்களா?"

"அவருக்கு ரூல் தெரியாதும்மா" என்றார்.

இந்த மனிதரை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். மோட்சத்துக்கு வழி சொல்கிறவர் பேச்சு எடுபடவில்லை. ரூல் புஸ்தகம் அதற்கும் மேலே.

மறுபடி எண்ணச் சொல்லி ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம். ஒருமுறை எண்ணிக் குறைந்தால் அடுத்த வருஷம்தான் எண்ண வேண்டுமாம். அதற்கும் ஒரு ரூல் இருந்தது. பதில் கடிதத்தை எழுதியது யார் தெரியுமா? எங்கள் வீட்டுக்காரரேதான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அதன்பிறகு மூன்று வாரம் நின்றேன். நிழலில் நிற்கலாம் என்றால் பஸ் வந்ததும் ரோட்டைக் கடந்து ஓட வேண்டும். நான் ஓடக் கூடாது. கம்பத்தடியில்தான் நின்றேன். ஒருநாள் கண்ணுக்கு முன்னால் தகரம் இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் முகத்தில் மீன் வாடையோடு தண்ணீர். மீன்காரம்மா மடியில் என் தலை கிடந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, புள்ள கெட்டியா கீது" என்று வயிற்றின் மேல் கையை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்டக்டர் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கூடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். எங்கள் வீட்டுக்காரர் சைக்கிளை எங்கே போட்டார் என்று தெரியவில்லை, நடந்தும் ஓடியும் வந்திருந்தார். கட்டில் ஓரம் நின்றுகொண்டு கையைப் பிசைந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்துத் தள்ளலாம் போலவும் இருந்தது. "வேலையை விட்டுடறேன், எழுதிக் கொடுங்க" என்றேன். படுத்தபடியே நான் சொல்ல அவர் எழுதினார், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடிதத்திலும் எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

நாலாம் கிளாஸ் பிள்ளைகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டு வரவும் முடியவில்லை.

பெண் பிறந்தாள். நல்ல கெட்டி. அழுதால் கோயில் மணி தோற்கும். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெயிலும் ஸ்டாப்பும் மறந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். மறக்கவில்லை. எட்டு மணி அடித்தால் கால் தானாக வாசலுக்குப் போகும்.

அடுத்த வருஷம் ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு வந்தார். அவர் துள்ளினால் எப்படி இருக்கும் என்றால், மற்றவர்கள் சாதாரணமாக நடப்பது மாதிரி இருக்கும். "நம்ம ஸ்டாப் தேறிடுச்சு! மறுபடி எண்ணினோம். எந்த நாளும் முப்பதுக்குக் குறையலை. சரியா முப்பது."

"அப்படியா" என்றேன். "அதே ஆட்கள்தானே?"

"அதே ஆட்கள்தான். ஒரே ஒரு ஆள்தான் புதுசு."

"யார்?"

அவர் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். என்னைப் பார்க்கவில்லை. "மந்தைவெளியிலிருந்து ஒரு பொண்ணு வந்து நிக்குது. தி. நகர்ல டீச்சராம்."

"எந்த ஸ்கூல்?"

அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பொய் சொல்லத் தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். நான் உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தேன். களைந்த அரிசியையே மூன்று முறை களைந்தேன்.

ஷெட் எழும்பியது. நாலு தூண், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீளமாக ஒரு சிமெண்டு பெஞ்சு. முதல் வாரம் எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்று எண்ணி எழுத வேண்டுமாம். "எட்டு மணிக்கு அங்கேதான் போறேன், நீயும் வாயேன், வந்து பாரேன்" என்று கெஞ்சினார். வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். பெண்ணைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெயில் வழக்கம்போலக் காய்ந்தது. ஷெட்டுக்குள் மட்டும் குளுகுளுவென்று நிழல். பாதிப் பேர் பழக்கதோஷத்தில் இன்னும் எதிரே விறகுத்தொட்டிச் சுவரோரம்தான் நின்றார்கள். "உட்கார்ந்து பாரு" என்றார். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. குனிந்து பார்த்தேன், கால் தொங்கவில்லை.

"உயரம்..." என்றேன்.

"நம்ம ஸ்டூல்தான் அளவு" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "பெஞ்சு உயரத்துக்கு ரூல் இல்லை. போன வருஷமே வரைஞ்சு வெச்சுட்டேன்."

நன்றி என்று சொல்வதா, நாலு வார்த்தை திட்டுவதா? போன வருஷமே! அந்த ஸ்டூலை அளந்த கையால்தானே இருபத்தொன்பது என்று எழுதினார்?

ஒரு பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபது வயசு இருக்கும். மடியில் காம்போசிஷன் நோட்டுக் கட்டு. மேல் நோட்டில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தேன். என் நாலாம் கிளாஸில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து ஓயாமல் பேசுமே, அந்தப் பெண். பெயிலாகி அதே கிளாஸில் இருக்கிறாள் போல. நல்ல கையெழுத்தாக மாறியிருந்தது. "குழந்தை அழகா இருக்கும்மா" என்று பக்கத்தில் இருந்தவள் என் மகளிடம் விரலை நீட்டினாள். நான் சிரித்தேன். அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

பஸ் வந்தது. டீச்சர் ஏறினாள். ஜவுளிக்கடைக்காரர் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏறினார். மீன்காரம்மா கூடையை ஏற்றிவிட்டுப் படியில் நின்று திரும்பினாள். "இன்னா டீச்சரம்மா, ஏறலியா?"

"இல்லேம்மா. நீ போ."

மணி அடித்தது. பஸ் போனதும் எங்கள் வீட்டுக்காரர் பென்சிலும் நோட்டுமாக என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு சின்னப் பிள்ளையின் சந்தோஷம். நோட்டைத் திருப்பிக் காட்டினார். அன்றைய தேதிக்கு நேரே பதினெட்டு என்று எழுதியிருந்தது.

"உன்னோட சேர்த்து" என்றார்.

"கணக்குலேர்ந்து என்னை அடிச்சிடுங்க" என்றேன். "நான் பஸ்ஸுக்கு வரலை."

அவர் நின்றார். நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஸ் போன திக்கைப் பார்த்தார். பிறகு பதினெட்டின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் பதினேழு என்று எழுதினார்.